தொலைபேசிக்கு வரும் எச்சரிக்கை தமிழிலும் வரவேண்டும்

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் கிழக்குக் கரையைத் தொட்டு இலங்கையை ஊடறுத்துச் சென்ற டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. சூறாவளி என்ற பெயரில் அது வந்தபோதிலும், காற்றைவிட மழையும் அதனால் விளைந்த வெள்ளமும் மண்சரிவுமே பெரும் எண்ணிக்கையிலான மரணங்களுக்குக் காரணமாயின. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் இந்நாடு சந்தித்த மிகப்பெரிய இயற்கை அனர்த்தம் இதுவே என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இவ்வனர்த்தத்தை அடுத்து இரண்டு வினாக்கள் எழுந்தன. ஆபத்து உரிய காலத்தில் கணிக்கப்பட்டதா என்பது முதலாவது. கணிக்கப்பட்ட ஆபத்து மக்களுக்கு உரிய முறையில் அறிவிக்கப்பட்டதா என்பது இரண்டாவது. முதலாவது வினா பாராளுமன்றத்திலும் ஊடகங்களிலும் பெரிதாக விவாதிக்கப்பட்டது. அது வானிலை ஆய்வாளர்கள் பதில் கூறவேண்டிய விடயமுமாகும். ஆனால் தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரையில் இரண்டாவது வினாவே முக்கியமானது. அந்த நெருக்கடியான நாட்களில் உத்தியோகபூர்வ அறிவித்தல்கள் பல சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் வெளிவந்தன. தமிழில் அவை தாமதமாக வந்தன, அல்லது வரவேயில்லை என்ற குறைபாட்டைத் தமிழ் பேசும் அரசியல் தலைவர்களும் ஊடகங்களும் சிவில் சமூகத்தினரும் அப்போதே சுட்டிக்காட்டியிருந்தனர். இனிவரும் காலங்களில் கையடக்கத் தொலைபேசியே எச்சரிக்கையின் பிரதான சாதனமாக அமையப்போகின்றது என்பதால், இந்த விடயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமெனக் கருதுகின்றோம்.

இலங்கையில் ஓர் எச்சரிக்கை எவ்வாறு பிறக்கின்றது என்பதை முதலில் நோக்க வேண்டும். மழையையும் காற்றையும் வளிமண்டலவியல் திணைக்களம் எதிர்வுகூறுகின்றது. ஆறுகளின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் கண்காணிக்கின்றது. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிக்கின்றது. இவற்றைப் பெற்று மக்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைச் சார்ந்தது. அங்கிருந்து மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் எனப் படிப்படியாக அத்தகவல் இறங்கிவர வேண்டும். ஒவ்வொரு படியிலும் நேரம் செலவாகின்றது. நள்ளிரவில் வெள்ளம் பெருகும்போது இந்தப் படிகளை ஒவ்வொன்றாகக் கடந்துவர அவகாசம் இருப்பதில்லை.

இந்த இடைவெளியைக் குறைப்பதற்கே தொலைபேசி எச்சரிக்கை உலகெங்கும் கையாளப்படுகின்றது. அதில் இரு முறைகள் உள்ளன. ஒன்று, யாவரும் அறிந்த குறுந்தகவல். அது ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாக அனுப்பப்படுவதால், இலட்சக்கணக்கானோருக்கு ஒரே வேளையில் அனுப்பும்போது நெரிசல் ஏற்பட்டுத் தாமதமாகின்றது. மற்றையது, தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வானொலியைப் போல ஒலிபரப்பப்படும் எச்சரிக்கை. குறிப்பிட்ட கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகள் அனைத்தையும் அது ஒருசேரச் சென்றடைகின்றது. அதற்கு எவருடைய இலக்கமும் தேவையில்லை. கைபேசி ஒலியடக்கப்பட்டிருந்தாலும் உரத்த ஓசையுடன் எச்சரிக்கை திரையில் தோன்றச் செய்ய முடியும். ஊருக்குப் புதிதாக வந்த விருந்தினருக்கும் அது கிடைக்கும். அந்த ஊரைவிட்டு வெளியே சென்றிருப்பவருக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே எச்சரிக்கையை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அனுப்புவதற்கு இம்முறையில் எத்தகைய தடையுமில்லை.

இது எமது நாட்டுக்கு முற்றிலும் புதிய விடயமுமல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்களின் பின்னரே பேரலை எமது கிழக்குக் கரையைத் தாக்கியது. அந்த இரண்டு மணித்தியாலங்களும் எவருக்கும் பயன்படாமற் போயின. 30,000 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்தப் பேரழிவின் விளைவாகவே 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தனியார் தொலைபேசி நிறுவனமொன்றும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இணைந்து, கைபேசி வழியாக எச்சரிக்கை அனுப்பும் வலையமைப்பொன்றை 2009 ஆம் ஆண்டிலேயே ஆரம்பித்து வைத்தன. இன்று நாட்டிலுள்ள கைபேசி இணைப்புக்களின் எண்ணிக்கை மக்கள்தொகையையும் விஞ்சி நிற்கின்றது. ஆகவே, அறிவோ கருவியோ இல்லை என்று கூறுவதற்கு இடமில்லை.

அவ்வாறாயின் குறை எங்கே இருக்கின்றது? ஓர் எச்சரிக்கை நான்கு விடயங்களைச் சொல்லியாக வேண்டும். என்ன ஆபத்து, எந்த இடத்தில், எப்போது, நாம் செய்யவேண்டியது யாது என்பனவே அவை. இந்த நான்கினுள் ஒன்று விளங்காவிட்டாலும் எச்சரிக்கை பயனற்றுப் போகும். வாசிக்கத் தெரியாத மொழியில் வரும் எச்சரிக்கையில் நான்குமே விளங்குவதில்லை. நள்ளிரவில் கைபேசி அலறுகின்றது. திரையில் எழுத்துக்கள் தெரிகின்றன. ஏதோ ஆபத்து என்பது மாத்திரம் புரிகின்றது. வீட்டினுள் இருப்பதா, வெளியே ஓடுவதா, மேட்டுக்கு ஏறுவதா, மலையடிவாரத்தை விட்டு இறங்குவதா என்பது புரிவதில்லை. மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் செய்யவேண்டியவை வெவ்வேறானவை. அச்சத்தை மாத்திரம் ஊட்டி வழியைக் காட்டாத அறிவித்தல், ஒருவரைத் தவறான திசையில் ஓடவைத்துவிடக் கூடும்.

தமிழ் வடக்குக்கும் கிழக்குக்கும் போதுமானது, ஏனைய இடங்களுக்குச் சிங்களமே போதும் என்ற எண்ணம் அரச நிர்வாகத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அனர்த்த வரைபடத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் ஆபத்து விளங்கும். மண்சரிவு அபாயம் மிகுந்த நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகளில் லயன் குடியிருப்புக்களில் வாழ்வோர் மலையகத் தமிழர்கள். மகாவலி பெருகும்போது நீரில் மூழ்கும் கம்பளையிலும், சிற்றாறுகள் பெருகும்போது கடைவீதியே மறையும் அக்குறணையிலும் வாழ்வோரில் முஸ்லிம்கள் பெருந்தொகையினர். களனி கங்கை கரைமீறும்போது முதலில் பாதிக்கப்படும் கொழும்பின் வடக்கிலும் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. புத்தளத்தின் நிலையும் இதுவே. தமிழில் வாசிக்கும் மக்கள் வாழாத அனர்த்தப் பிரதேசம் இந்நாட்டில் அரிது என்றே கூறவேண்டும்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழை அரச கரும மொழியாக ஏற்றுக்கொண்டது. 1991 ஆம் ஆண்டில் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் இயற்றப்பட்டது. இவை ஏட்டில் உள்ளன. ஒரு கடிதம் சிங்களத்தில் மாத்திரம் வந்தால் அதனை மொழிபெயர்ப்பித்துக்கொள்ள ஒருவருக்கு நாட்கள் கிடைக்கும். மண்சரிவு எச்சரிக்கை அத்தகைய அவகாசத்தை வழங்குவதில்லை. மொழியுரிமை பற்றிய எமது வாதங்கள் இதுவரை கடிதங்களையும் பெயர்ப்பலகைகளையும் பொலிஸ் முறைப்பாடுகளையும் சார்ந்தே இருந்துவந்துள்ளன. இப்போது அது நேரடியாகவே உயிர்வாழும் உரிமையுடன் பிணைந்துள்ளது.

இந்தக் குறைபாடு சுட்டிக்காட்டப்படும்போதெல்லாம், போதிய மொழிபெயர்ப்பாளர்கள் இல்லை என்ற பதிலே வழமையாகக் கிடைக்கின்றது. பொதுவான அரச நிர்வாகத்தில் அப்பற்றாக்குறை உண்மையானதே. ஆனால் அனர்த்த எச்சரிக்கை விடயத்தில் இந்தப் பதிலை ஏற்க முடியாது. காரணம் எளிமையானது. அனர்த்த எச்சரிக்கைகள் புதிதாக எழுதப்படும் இலக்கியமல்ல. மழை, காற்று, வெள்ளம், மண்சரிவு, கடற்கொந்தளிப்பு, இடிமின்னல் என ஆபத்துக்கள் எண்ணக்கூடியவை. மண்சரிவு எச்சரிக்கையில் மூன்று நிலைகளே உள்ளன. 24 மணித்தியாலங்களில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற்றம் என்பதே பொதுவாகப் பின்பற்றப்பட்டு வந்த அளவுகோல். மாவட்டங்கள் 25. பிரதேச செயலகங்களின் பெயர்ப்பட்டியல் அரசிடம் மும்மொழியிலும் உண்டு. இவற்றை வைத்துச் சில டசின் வாக்கியங்களை அமைதியான நாட்களிலேயே மும்மொழியிலும் எழுதி, சரிபார்த்து, கணினியில் பதித்து வைத்துவிட்டால், அனர்த்த இரவில் அதிகாரி செய்யவேண்டியது ஆபத்தையும் இடத்தையும் நேரத்தையும் தெரிவு செய்வது மாத்திரமே. மூன்று மொழிகளிலும் எச்சரிக்கை ஒரே கணத்தில் புறப்படும். இதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை. சில வார உழைப்பும், செய்யவேண்டும் என்ற மனமும் போதும். இதுவரை இது செய்யப்படாமைக்கு மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி இப்பணியைக் கைவிடுவதும் ஆபத்தானதே. ஊர்ப்பெயர்களை அது சிதைக்கின்றது. ஏவலை வேண்டுகோளாகவும் எதிர்மறையை உடன்பாடாகவும் மாற்றிவிடக் கூடும். "வெளியேறுங்கள்" என்பதற்கும் "வெளியேற வேண்டாம்" என்பதற்கும் இடையில் உயிர் ஊசலாடும் வேளையில் மனிதக் கண்ணால் சரிபார்க்கப்படாத வாக்கியம் எவருக்கும் அனுப்பப்படலாகாது.

இவ்விடத்தில் எம்மைப் போன்ற ஊடகத்தினரின் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழில் வெளிவரும் எச்சரிக்கைகளின் தமிழ், சாதாரண மக்களுக்கு எந்தளவுக்கு விளங்குகின்றது? "தாழமுக்கத்தின் செறிவு அதிகரித்து வடமேற்குத் திசையாக நகர்வதற்கான சாத்தியக்கூறுகள் காணப்படுகின்றன" என்ற பாணியிலான வாக்கியத்தைத் திணைக்களங்கள் வெளியிடுகின்றன; நாமும் அப்படியே பிரசுரிக்கின்றோம். கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்கும் கடலுக்குப் புறப்படும் மீனவருக்கும் அது எதனையும் சொல்வதில்லை. "இன்றிரவு உங்கள் பகுதியில் மலை சரியலாம். இப்போதே பாடசாலைக்குச் செல்லுங்கள்" என்பது அனைவருக்கும் விளங்கும்.

மொழியால் விளையும் இந்த ஆபத்து செல்வந்த நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. 2021 செப்டெம்பர் முதலாம் திகதி இரவு, இடா சூறாவளியின் எச்சமாக வந்த பெருமழை நியூயோர்க் நகரை மூழ்கடித்தபோது, நிலத்தின் கீழமைந்த அடித்தள வீடுகளில் சிக்கி 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஆசியாவிலிருந்து குடியேறியோரும் இருந்தனர். தேசிய வானிலைச் சேவையின் கைபேசி எச்சரிக்கைகள் அன்று ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் மாத்திரமே சென்றிருந்தன.

நேரம் தவறுவதன் விளைவை ஸ்பெயின் காட்டியது. 2024 ஒக்டோபர் 29 ஆம் திகதி வலென்சியாவில் பெருவெள்ளம் ஏற்படும் என்ற சிவப்பு அறிவித்தலை அந்நாட்டு வானிலை நிறுவனம் காலையிலேயே விடுத்திருந்தது. மக்களின் கைபேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டதோ இரவு 8 மணி 11 நிமிடத்துக்கு. அதற்குள் பல ஊர்களை வெள்ளம் விழுங்கிவிட்டது. 220 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கருவி தயாராக இருந்தது. அனுப்பும் முடிவை எடுக்கவேண்டியவர்கள் தாமதித்தனர். மறுபுறத்தில், 2018 ஜனவரி 13 ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருவதாகத் தவறுதலாக அனுப்பப்பட்ட எச்சரிக்கையைத் திருத்த 38 நிமிடங்கள் சென்றன. தாமதமும் தவறும் மக்களின் நம்பிக்கையைக் குலைத்துவிடுகின்றன. அடுத்த தடவை கைபேசி ஒலிக்கும்போது அவர்கள் அசைவதில்லை.

இடத்தைத் துல்லியமாகக் கூறுவதும் மொழிக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு, மாவடிப்பள்ளிப் பகுதியில், சீரற்ற காலநிலை காரணமாக வீடு திரும்பிக்கொண்டிருந்த அரபுக் கல்லூரி மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, மாணவர்கள் உட்பட எண்மர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. கிழக்கில் பலத்த மழை பெய்யும் என்ற பொது அறிவித்தல் அன்று அனைவரும் அறிந்ததே. அந்தக் குறிப்பிட்ட வீதியைக் கடக்கலாகாது என்ற செய்தி, அந்த வேளையில், அந்த இடத்தில் இருப்போரின் கைபேசிகளுக்குச் செல்லுமாயின் அதன் பெறுமதி வேறு. கோபுர எல்லையை வைத்து அனுப்பப்படும் எச்சரிக்கையால் இது சாத்தியமாகும்.

மகாவலியின் கதையும் இதையே உணர்த்துகின்றது. மத்திய மலைநாட்டில் பெய்யும் மழை மூதூர், வெருகல் தாழ்நிலங்களை வந்தடைய நேரமெடுக்கின்றது. மலையகத்தில் வெள்ளம் ஏற்பட்ட பின்னரே கீழ்ப்பகுதிக்கு ஆபத்து வருகின்றது. அந்த இடைவெளி இயற்கை வழங்கும் அவகாசமாகும். அதனைத் தமிழில் எச்சரிக்கை அனுப்பப் பயன்படுத்தாமல் விடுவது மன்னிக்க முடியாத அலட்சியமாகும்.

எச்சரிக்கையை அனுப்பியதுடன் அரசின் கடமை முடிந்துவிட்டதாகவும் கருதலாகாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகள் மண்ணுள் புதையுண்டபோது, அந்த மக்களுக்கு 2005 இலும் 2011 இலும் இடம்பெயருமாறு அறிவுறுத்தப்பட்டிருந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். எங்கே இடம்பெயர்வது என்பதற்கு அம்மக்களிடம் சொந்தக் காணியோ வேறு வீடோ இருக்கவில்லை. போக்கிடம் இல்லாதவனிடம் போய்விடு என்று சொல்வது எச்சரிக்கையாகாது. பின்னொரு நாளில் பழியை அவன் தலையில் சுமத்துவதற்கான முன்னேற்பாடாகவே அது முடியும். ஆகவே தொலைபேசிக்கு அனுப்பப்படும் ஒவ்வோர் எச்சரிக்கையிலும் தங்குமிடத்தின் பெயர் இருக்க வேண்டும். அந்தத் தங்குமிடம் திறந்திருக்கவும் வேண்டும். மலையக மக்களின் காணியுரிமைப் பிரச்சினையையும் அனர்த்த முகாமைத்துவத்தின் ஓர் அங்கமாகவே இனி நோக்க வேண்டும்.

கைபேசியை மாத்திரம் நம்பியிருப்பதும் விவேகமாகாது. புயலின்போது மின்சாரம் தடைப்படுகின்றது, கோபுரங்கள் செயலிழக்கின்றன. டித்வாவின்போதும் மலையகத்தின் பல பகுதிகள் தொடர்பற்றுப் போயின. வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அதுவும் வேலைக்குச் சென்ற கணவரிடம் இருந்தால், வீட்டிலுள்ள மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எச்சரிக்கை கிட்டுவதில்லை. 1970 ஆம் ஆண்டின் போலா சூறாவளியில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை இழந்த நிலப்பரப்பே இன்றைய பங்களாதேஷ். 2007 இல் வீசிய சித்ர் சூறாவளியில் அங்கு இறந்தோர் தொகை சுமார் 3,400 ஆகக் குறைந்திருந்தது. கைபேசி பரவலாவதற்கு முன்னரே, கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்தி வீடுவீடாகச் சென்று மக்களைத் தட்டியெழுப்பும் தொண்டர் படையை அந்நாடு கட்டியெழுப்பியிருந்தது. எம்மிடமும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி உண்டு. கோயில் மணியும் தேவாலய மணியும் உண்டு. தோட்டங்களில் தலைவர்மார் உள்ளனர். கைபேசிக்கு வரும் தமிழ் எச்சரிக்கையைப் பெற்ற ஒருவர் அதனைப் பத்து வீடுகளுக்கு எடுத்துச் செல்வதற்கான ஒழுங்கை அந்தந்த ஊரின் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் இப்போதே செய்து வைக்கலாம். அதற்கு அரசாங்கத்தைக் காத்திருக்கத் தேவையில்லை.

அரசாங்கம் செய்யவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். தமிழ் வாசகம் இணையாத எந்தப் பொது எச்சரிக்கையையும் முறைமை ஏற்றுக்கொள்ளாதவாறு கணினியிலேயே ஏற்பாடு செய்யப்பட வேண்டும். வாசகங்கள் முற்கூட்டியே மும்மொழியிலும் பதிக்கப்பட வேண்டும். அவற்றை மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும் சாதாரண மக்களிடம் வாசித்துக்காட்டி, விளங்குகின்றதா எனப் பரிசோதிக்க வேண்டும். எச்சரிக்கையை அனுப்பும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நிமிடங்களுக்குள் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 26 ஆம் திகதி தேசிய பாதுகாப்பு தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. அன்றைய இரண்டு நிமிட மௌனத்தின் பின்னர், நாட்டின் ஒவ்வொரு கைபேசிக்கும் மும்மொழியில் ஒரு பரீட்சார்த்த எச்சரிக்கை அனுப்பப்படட்டும். எந்த ஊருக்கு வரவில்லை, எந்த மொழியில் வரவில்லை என்பதை மக்களே அன்று அறிவிப்பார்கள். குறையை அனர்த்தத்தின் நடுவே கண்டறிவதைவிட, வெயில் காயும் ஒரு காலைப்பொழுதில் கண்டறிவது மேலானது.

தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகளுக்கும் ஒரு வார்த்தை. கட்சி பேதங்களும் தேர்தல் கணக்குகளும் எப்போதும் இருக்கவே செய்யும். மலையகத்தின் லயனுக்கும் மூதூரின் வயல்கரைக்கும் வெல்லம்பிட்டியின் ஒழுங்கைக்கும் பொதுவான கோரிக்கைகள் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்று. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர் இதனைச் செய்விப்பது அவர்களின் கூட்டுப் பொறுப்பாகும். வானம் மொழி பார்த்துப் பொழிவதில்லை. அதைப் பற்றிய எச்சரிக்கையும் எவரையும் மொழி பார்த்து விட்டுச்செல்லலாகாது.